ஊருக்கே வரி கட்டியவர்

மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தேன். எலுமிச்சை ஊறுகாய் வாசனை மேஜையைத் தாண்டுவதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். டவுன் பஸ்ஸில் வந்த செம்மண் புழுதி சேலையின் கீழ்ப்பாதியில் படிந்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் அது. வெளியே பங்குனி வெயில்.

"என்னம்மா வேணும்?"

"வரி கட்டணும் சார்."

ஊறுகாயைத் தொட்ட விரல் அப்படியே நின்றது. வரியைக் குறைக்கச் சொல்லி வருவார்கள். தள்ளுபடி கேட்டு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கட்டவில்லை, அவனைக் கேளுங்கள் என்று வருவார்கள். கட்ட வேண்டும் என்று ஒருவர் தானாக பஸ் ஏறி வந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"என்ன வரி?"

"வீட்டு வரிதான். எம் பேருக்கு எம்புட்டுன்னு பாத்துச் சொல்லுங்க. கட்டிட்டு ரசீது வாங்கிட்டுப் போறேன்."

பெயர் பேச்சியம்மாள் என்றார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஊர்ப் பெயரையும் சொன்னார். அந்த ஊருக்கு இங்கே மேலக்குளம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயரை எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள், வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

"மேலக்குளமா? உங்க ஊர்ல எல்லா வீட்டுக்கும் வரி கட்டியாச்சேம்மா."

"நான் கட்டலயே சார்."

அடுத்த மேஜையில் எங்கள் கணக்கர் காதர் மைதீன் இருந்தார். மதுரை டவுனுக்குள் பரம்பரையாகக் கடை வைத்திருந்த குடும்பம். இவர் மட்டும் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், வரி கட்ட மாட்டேங்கிறவங்க வீட்டு அண்டாவ ஜப்தி பண்ண விதி இருக்கு. கட்டியே தீருவேன்னு வாரவங்கள என்ன பண்றதுன்னு விதியில இல்ல."

"கொஞ்சம் பெஞ்சுல உட்காருங்கம்மா, சாப்பிட்டுட்டு வர்றேன்" என்றேன். அவர் உட்காரவில்லை. தூணோரமாக நின்றார்.

அவர் அங்கேயே நிற்கட்டும். நான் ஏன் அன்று தடுமாறினேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் மனைவியின் புகார்

இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கும் ஒரே வாசகி என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவர் என் மனைவி. சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "பி.டி.ஓ. தூங்குனாரு, ஓவர்சியர் சிமெண்டுல மண்ணக் கலந்தாருன்னு எல்லாரு குத்தத்தையும் எழுதுறீக. ஒங்களுது எந்த வாரம் வரும்?"

இந்த வாரம் வருகிறது.

நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன். உள்ளாட்சிகளின் வருவாய் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பேராசிரியரிடம் பாராட்டு வாங்கியவன். வரி என்பது பணம் மட்டுமல்ல, கட்டுகிறவன் ஒருநாள் கணக்குக் கேட்பான் என்று அவர் வகுப்பில் சொல்வார். பரீட்சையில் அதை அழகாக எழுதினேன். அதன் பிறகு அதை நினைக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. ஊராட்சி விரிவாக்க அலுவலர் என்ற வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் யூனியனில் இருந்த பஞ்சாயத்துகளுக்குப் போய் வரவு செலவு சரிபார்ப்பது, வீட்டு வரி வசூலை முடுக்குவது என் பொறுப்பு. ஒரு பஞ்சாயத்து எவ்வளவு வீட்டு வரி வசூலிக்கிறதோ, அதே அளவு தொகையை அரசாங்கமும் சேர்த்துக் கொடுக்கும். வரி வசூலித்த ஊருக்கு இரட்டை வரவு. வசூலிக்காத ஊருக்கு இரண்டும் கிடையாது. இதைவிட எளிமையான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். மேலக்குளம் பிரசிடெண்ட் வீரணன் அதைவிட எளிமையான ஒன்றை வைத்திருந்தார்.

கூரை வீடு

முதல் தடவை மேலக்குளம் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. வீரணன் தெருமுனைக்கே வந்து என்னை அழைத்துப் போனார். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, சிரித்த முகம்.

"முதல்ல கை நனைங்க சார். கணக்கு எங்க ஓடிப்போகுது?"

கை நனைத்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு, மேலே மின்விசிறி. அந்த ஊரில் அப்போது மின்விசிறி சுற்றிய ஒரே வீடு அது. சாப்பிட்டதும் சோழவந்தான் வெற்றிலை மடித்துத் தந்தார். தளிர் வெற்றிலை, வாயில் போட்டால் கரைந்தது. அந்தச் சுகத்தில்தான் வரிப் பதிவேட்டைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் அவர் வீடு. 'கூரை வீடு' என்று எழுதியிருந்தது. கூரை வீட்டுக்கு உண்டான மிகக் குறைந்த வரி.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். தேக்கு உத்தரம், அதன் மேல் கட்டை கட்டையாக மச்சு. அதற்கும் மேலே ஒரு மாடி.

"கூரைன்னு எழுதியிருக்கே?"

"அது எங்கப்பா காலத்துல எழுதுனது சார். அப்பக் கூரைதான்."

"மச்சு எப்பக் கட்டினீங்க?"

"அதுவும் எங்கப்பா காலத்துலதான்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

பக்கங்களைப் புரட்டினேன். ஊரில் இருந்த எல்லா வீடுமே கூரை வீடு. அவருடைய மாவு மில், பருத்திக் குடோன், அவை கூடக் கூரை வீடுதான். எல்லா வீட்டுக்கும் நேராக 'கட்டியாயிற்று' என்றும் இருந்தது. எல்லாவற்றையும் கட்டியவர் ஒரே ஆள்.

"ஊர்ச் சனம் பூராம் எம்புள்ளைக மாதிரி சார். புள்ளைககிட்டப் போயி வரி வாங்குவாகளா? மார்ச் மாசக் கடைசியில அம்புட்டையும் நானே கட்டிருவேன். எங்கப்பாரு காலத்து வழக்கம்."

ரசீதுகள் எங்கே என்று கேட்டேன். பீரோவைத் திறந்து காட்டினார். வருடவாரியாகக் கட்டி, சந்தன வில்லை போட்டு வைத்திருந்தார். ஊர் முழுவதன் ரசீதும் அந்த ஒரு பீரோவில்.

எனக்குச் சிலிர்த்தது. என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, படித்த பழக்கத்தில் மனக்கணக்குப் போட்டேன். அவருடைய மச்சு வீட்டுக்கும் மில்லுக்கும் குடோனுக்கும் உள்ளபடி வரி போட்டால், ஊருக்கே அவர் கட்டிய கூரை வரியைவிட அது அதிகம் வந்தது.

அதாவது, தன் வரியைக் கட்டாமல் இருப்பதற்காக ஊருக்கே வரி கட்டிக்கொண்டிருந்தார். அதில் மிச்சமும் பார்த்தார். கூடவே நல்ல பெயர் வேறு.

கணக்கு விளங்கியதும் நான் என்ன செய்தேன்? வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியே துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தேன்.

நூற்றுக்கு நூறு

மேலக்குளத்தின் வரவு மிகக் குறைவு என்பதால் அரசாங்கம் சேர்த்துத் தரும் தொகையும் குறைவு. அந்த இரண்டையும் வைத்துத் தெருவிளக்குக்கு பல்பு மாற்றலாம். எல்லா விளக்குக்கும் அல்ல. மேல்நிலைத் தொட்டி கட்டிக் குழாய் போடும் திட்டம் வந்தபோது பஞ்சாயத்து தன் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வரி கட்டிவந்த பக்கத்து ஊர் அதைக் கட்டித் தொட்டி வாங்கியது. மேலக்குளத்தால் முடியவில்லை.

வீரணனுக்கு அதில் வருத்தமில்லை. "குழாய்த் தண்ணி நாலு நாள் வரும், நின்னுபோகும். நம்ம தோட்டத்துக் கிணறு இருக்குல்ல. யாரு வேணாலும் வந்து எடுத்துக்கட்டும்" என்றார். எடுத்தார்கள். குடத்தை வைத்துவிட்டு அவர் வீட்டு வாசலைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்கள்.

யாராவது துணிந்து, "விளக்கு எரியலையே, வாய்க்கால் அள்ளலையே" என்று கேட்டால், அவரிடம் ஒரு பதில் இருந்தது. கோபமே இல்லாமல், தோளில் கை போட்டுக் கேட்பார்: "மாப்ள, நீ வரி கட்டுறியா?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்டவனும் சிரித்துவிடுவான். உண்மைதானே, அவன் கட்டுவதில்லையே.

அந்தக் காலத்தில் அவர் மட்டும் இப்படி இல்லை. நிலத்துக்கு உச்சவரம்பு வந்து, அதற்கு மேல் இருப்பதை எடுத்து ஏழைகளுக்குக் கொடுப்போம் என்று அரசாங்கம் சொன்னபோது, பெரிய குடும்பங்களில் அண்ணன் தம்பிகளுக்குள் திடீரென்று ஒற்றுமை குறைந்துபோனது. அத்தனை பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தாலுகா ஆபீஸில் இருந்த என் நண்பர் ஒருவர் விசாரணைக்குப் போன வீட்டில், பத்திரப்படி பிரிந்துபோன அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் ஊற்றிய குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கும் ஒரு இலை போட்டார்கள். அவரும் உட்கார்ந்தார். சட்டம் சென்னையிலிருந்து புறப்படும்போது நன்றாகத்தான் புறப்படும். எங்களைப் போன்றவர்கள் வழியாக வரும்போது அதற்குப் பசித்துவிடும்.

என் கதைக்கு வருகிறேன். அந்த வருடம் மாவட்டக் கூட்டத்தில் வீட்டு வரி வசூல் நிலவரம் வாசிக்கப்பட்டது. மற்ற ஊர்களெல்லாம் பாதி, அதற்கும் கீழ். மேலக்குளம் நூற்றுக்கு நூறு. மேடையில் இருந்த பெரிய அதிகாரி, "இந்த ஊரைக் கவனிக்கும் அலுவலர் யார்?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். கைதட்டினார்கள்.

நான் யாரிடமும் பணம் வாங்கியதில்லை. இதைச் சொல்லிக்கொள்வது ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. பணம் வாங்கவில்லை, கோழிக் குழம்பு சாப்பிட்டேன், கைதட்டல் வாங்கினேன். அதற்கு மேல் கொடுக்க வேண்டிய அவசியம் வீரணனுக்கு இருக்கவில்லை.

மாட்டுக் கடன் கூட்டம்

பிறகு மழை பொய்த்தது. மானாவாரிச் சோளம் முளையிலேயே கருகியது. தீவனம் இல்லாமல் சந்தையில் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். பேச்சியம்மாளும் தன்னிடம் இருந்த ஒரே பசுவை விற்றிருந்தார்.

அடுத்த வருடம் கொஞ்சம் மழை எட்டிப் பார்த்ததும் கறவை மாட்டுக் கடன் வந்தது. மேலக்குளத்து வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டு நான்தான் விளக்கினேன். குறைந்த வட்டி, பால் ஊற்றிக் கடனை அடைக்கலாம், சொந்த வீடு இருப்பதற்கு அத்தாட்சியாக வீட்டு வரி ரசீது மட்டும் வேண்டும் என்றேன்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லை எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் இருக்கிறது. ரசீது முழுவதும் பீரோவில். பீரோச் சாவி வீரணன் இடுப்பில். அரசாங்கம் கொடுக்கும் மாடு யார் வீட்டுத் தொழுவத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்தச் சாவி முடிவு செய்யும்.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் கேட்டார்: "எனக்குக் கெடைக்குமா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் வீரணன் சிரித்தார். "ரசீது இருக்கிறவுகளுக்குத்தான் மாடு. நீ வரி கட்டுறியாத்தா?"

வழக்கம்போல் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அவருக்கு மாடு கிடைத்தால் ஊரில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு வேலை தேடிப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் முன்னால் இருந்தது.

ஆகவே மறுநாள் பஸ் ஏறிவிட்டார்.

மறுபடி அந்த மேஜை

இப்போது அவரைக் கூப்பிடலாம். தூணோரமாக நின்றுகொண்டுதான் இருந்தார். நான் டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவைத்திருந்தேன்.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை வரி வாங்க முடியாதும்மா. பிரசிடெண்ட் கட்டிட்டார்."

"கட்டுனது அவரு. வீடு என்னுது."

"யார் கட்டினா என்ன, கட்டியாச்சுல்ல?"

"அப்ப ரசீதக் குடுங்க."

"அது பிரசிடெண்ட்கிட்டத்தான் இருக்கும்."

"அவருகிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். 'ஒனக்கு எதுக்குத்தா, தொலைச்சுப்புடுவ, எங்கிட்டப் பத்திரமா இருக்கட்டும்'ங்கிறாரு. மாடு குடுக்க வேண்டிய ஆளுகளையும் அவரே பாத்து வச்சிருக்காராம்."

"உங்க நல்லதுக்குத்தானே சொல்றார்" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

பேச்சியம்மாள் காதரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், தெரியாமத்தான் கேக்குறேன். கட்டுறேன்னு வந்தாலே இம்புட்டுப் பாடுபடுத்துறீகளே, கட்ட மாட்டேன்னு சொன்னா என்னதான் பண்ணுவீக?"

காதர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார்.

நகல் ரசீது என்று ஒன்று உண்டு. பஞ்சாயத்துக் கிளார்க்குக்கு நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பேச்சியம்மாள் பெயருக்கு நகல் எழுதியிருப்பார். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. காதர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அது தெரியும் என்பது தெரிந்தது.

ஆனால் ஒருவருக்கு நகல் கொடுத்தால் இன்னொருவர் வருவார். யார் வரியை யார் கட்டினார்கள் என்ற பேச்சு எழும். எல்லா வீடும் ஏன் கூரை வீடு என்று யாராவது கேட்பார்கள். என் நூற்றுக்கு நூறு என்ன ஆகும்? எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

"பிரசிடெண்டையே போய்ப் பாருங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீங்க என்ன சொன்னீகன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். நான் மேஜைமேல் இருந்த ஒரு ஃபைலைப் பிரித்தேன். "சரி சார், வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

டிபன் பாக்ஸை மறுபடி திறந்தேன். அதன் பிறகு சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இறங்கியது. ஊறுகாயோடு முழுவதும் சாப்பிட்டேன்.

மாடுகள் வந்தன. வீரணன் தேர்ந்தெடுத்த தொழுவங்களுக்குப் போயின. எனக்குப் பதவி உயர்வு வந்தது. பேச்சியம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைப் பக்கம் போய்விட்டதாகக் காதர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

பதவி போன வருடம்

பின்னர் பஞ்சாயத்துத் தலைவர்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடத்தவில்லை. அதிகாரிகளையே தனி அலுவலர்களாகப் போட்டார்கள். வீரணனும் பிரசிடெண்ட் இல்லை என்று ஆனார்.

அந்த மார்ச் மாதம் மேலக்குளத்தில் வசூலான வீட்டு வரி பூஜ்யம்.

நூற்றுக்கு நூறாக இருந்த ஊர் ஒரே வருடத்தில் ஒன்றுமில்லாமல் போனது எப்படி என்று மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். நான் அப்போது மதுரையில் வேறு ஆபீஸில் இருந்தேன், தப்பித்தேன். பாவம், எனக்குப் பின்னால் வந்தவர் மாட்டிக்கொண்டார். தண்டல்காரர் வீடு வீடாகப் போனபோது, "வரியா? அது அய்யா கட்டுறதுல்ல?" என்று எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்களாம். வீரணனிடம் போனால், "நான் இப்ப என்ன பிரசிடெண்டா? ஒங்களாட்டம் நானும் ஒரு ஆளுதான்" என்றாராம். பதவி போனதும் பிள்ளைகள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் கொஞ்சம் முரட்டு ஆள். அளவு நாடாவோடு போய் மச்சு வீட்டை மச்சு வீடு என்று எழுதினார். வீரணன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கேள்வி. வீரணன் மேல்முறையீடு செய்தார். அந்த மேல்முறையீடு நான் ஓய்வு பெறும்வரை விசாரணையில் இருந்தது, இன்னும் இருக்கலாம். மற்றவர்களுக்குப் பாக்கி நோட்டீஸ் போனது. ஆள் இல்லாத வீடுகளின் கதவில் ஒட்டினார்கள்.

திருநகர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருநகரில் வீடு கட்டிக் குடிபோனோம். பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்று என் மனைவி சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் அறிமுகமான குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பேச்சியம்மாள். தலை நரைத்திருந்தது.

அவரும் என்னைப் பார்த்தார். "சார் உசிலம்பட்டி யூனியன்ல இருந்தீகல்ல?"

"ஆமா" என்றேன்.

"ஒடம்பு போட்டுருச்சு. அதான் சட்டுன்னு அடையாளம் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தில் சாம்பலைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தப் பழைய ரசீதைப் பற்றிக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து அவர் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஊர்ல வீடு பூட்டிக் கெடக்கு. வரிப் பாக்கின்னு கதவுல நோட்டீசு ஒட்டிருக்காகளாம்."

"கட்டிர வேண்டியதுதான?"

"கட்டத்தான் போறேன். இப்பத்தான கட்டவே விடுறாக. ஒங்க வீட்டுச் சம்பளம், கோடி வீட்டுச் சம்பளம் ரெண்டையும் சேத்து வச்சிருக்கேன். சித்திரைத் திருவிழாவுக்கு லீவு குடுங்க, போயி எங்கையால கட்டிட்டு வாரேன். நாளைக்கு முடியாமப் போனா அந்த வீட்டுக்குத்தான போகணும்."

எனக்கு அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை தோன்றியது. உசிலம்பட்டி யூனியனில் இன்னமும் இருந்த காதருக்குப் போன் செய்தேன். பேச்சியம்மாள் வீட்டுப் பாக்கி முழுவதையும் என் செலவில் கட்டிவிடச் சொன்னேன்.

"சார், இது தேவையா?" என்றார் காதர்.

"தேவைதான். செய்யுங்க."

அன்று மனசு லேசாக இருந்தது. பழைய பாவம் ஒன்று கழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திருவிழா முடிந்து பேச்சியம்மாள் திரும்பி வந்தார். நேரே பின்பக்கம் போகவில்லை. முன்வாசலில் வந்து நின்றார்.

"சார், எங்க வீட்டு வரியக் கட்டியாச்சுன்னு சொல்லிட்டாக. நீங்கதானா அது?"

நான் புன்னகைத்தேன். நன்றியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவன் எப்படிப் புன்னகைப்பானோ அப்படி. "பெரிய தொகை ஒண்ணும் இல்லம்மா."

"பெரிய தொகை இல்லன்னு எனக்கும் தெரியும். மடியில வச்சுக்கிட்டுத்தான போனேன்."

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. "பரவாயில்லம்மா, இருக்கட்டும்" என்றேன்.

"அவரு ஊருக்கே கட்டுனாரு சார். நீங்க எனக்கு மட்டும் கட்டிருக்கீக. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

உள்ளே என் மனைவி முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

பேச்சியம்மாள் முடிச்சை அவிழ்த்து, நான் கட்டிய தொகையை எடுத்து வாசற்படியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். என் மனைவி பின்னாலிருந்து, "வாங்கிக்கங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவ்வளவு கனமான பணத்தை நான் சர்வீசில் கையால் தொட்டதில்லை.

"அடுத்த வருசம் எதும் கட்டிப்புடாதீக" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

அன்று சாப்பாடு போடும்போது என் மனைவி சொன்னாள்: "நம்ம வீட்டுப் பாத்திரத்தக் கழுவுறதுக்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒங்க பாவத்தையும் கழுவச் சொன்னா எப்புடி?"

போன்

அடுத்த வருடமும் பேச்சியம்மாள் ஒருநாள் லீவு கேட்டார். போகும் முன் என்னைப் பார்த்து, "இந்தத் தடவ யாரும் முந்திக்கலையே சார்?" என்றார். இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மத்தியானம் ஆபீஸில் எனக்கு ட்ரங்க் கால் வந்தது. உசிலம்பட்டியிலிருந்து காதர்.

"சார், ஒங்க வீட்டுல வேலை பாக்குற அம்மா இங்க வந்து உக்காந்திருக்காங்க."

"ஏன், பஞ்சாயத்துல வரி வாங்கலையா?"

"வாங்கியாச்சு. ரசீதும் அவங்க கையில இருக்கு. அதுதான் இப்பத் தொந்தரவே."

"என்ன தொந்தரவு?"

காதர் குரலைத் தாழ்த்தினார். "நான் கட்டுன காச என்ன பண்றீகன்னு கேக்குறாங்க. பஞ்சாயத்துக் கிளார்க்கு தெரியாது, யூனியன்ல போய்க் கேளுன்னு அனுப்பிச்சுட்டான். இங்க வந்து நாற்காலியில உக்காந்துட்டாங்க. சாப்பாட்டு நேரம்மான்னு சொல்லிப் பாத்தேன். 'நீங்க நல்லாச் சாப்பிட்டு வாங்க பாய், நான் இருக்கேன்'ங்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருபது வருசமாக் கணக்கு எழுதுறேன் சார். இதுவரைக்கும் ஆடிட்டுக்காரவுகளத் தவிர ஒருத்தரும் கேட்டதில்ல. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. நீங்க எம்.ஏ. படிச்சவுக. ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லி அனுப்பி விடுங்களேன்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பரீட்சையில் எழுதிய பதில் வரிவரியாக நினைவுக்கு வந்தது. பஞ்சாயத்தின் பங்கு, அரசின் பங்கு, செலவினங்களின் வகை. "போனை அவங்ககிட்டக் குடுங்க" என்றேன்.

"சார்" என்றார் பேச்சியம்மாள். போன் பேசிப் பழக்கமில்லாத சத்தமான குரல்.

"அதாவது பேச்சியம்மா, அந்த வரிப் பணம் இருக்கே, அது வந்து..."

"நீங்க இருங்க சார்" என்று நிறுத்தினார். "நான் கட்டுனது இங்க. இவுகளே சொல்லட்டும்."

ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி இழுபட்டது. காதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரிய கணக்குப் புத்தகம் ஒன்று தொப்பென்று மேஜையில் விழுந்தது.

"முதல்ல வரவு சொல்றேம்மா" என்றார் காதர். "அப்புறம் செலவு."

போனை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அரசாங்கக் காசில் ட்ரங்க் கால் ஓடிக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.